யாருடைய தட்டிலிருந்து?

சரீர சுகத்தைவிட ஆத்தும நலன் பெரிது என்பதை நான் ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்டேன். பிறகு வாலிபர் கூடுகை, பெண்கள் ஐக்கிய சங்கம், கன்வென்ஷன், லெந்து காலத் தியானம் என்று ஏறக்குறைய எல்லா மேடைகளிலிருந்தும் அதையே கேட்டுவந்திருக்கிறேன். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை உபவாசம் இருக்கிறவள் நான். பசித்திருக்கும் மத்தியான வேளையில், மனம் எதற்கெல்லாம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்பது தெரியவருகிறது. வயிறு நிறைந்திருக்கும்போது அது தெரிவதில்லை. வசதியைத் தேடுவதே வாழ்க்கை என்று ஆகிவிட்ட காலத்தில், வசதியைவிடப் பெரிய ஒன்று உண்டு என்று சொல்லும் ஒரு நம்பிக்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

என் கேள்வி வேறு. அந்தப் போதனை யாருடைய உடலைக் கேட்கிறது? பிரசங்க பீடத்திலிருந்து அது எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் ஒருத்தியின் தலையில் வந்து இறங்குகிறது. அவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள்.

நம் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு ஆக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மிசோரம் சபைகளில் பெண்கள் இதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். காசு கையில் புழங்காத பெண்கள் தங்களுக்கு எட்டும் இடத்திலிருந்து கொடுக்கக் கண்டுபிடித்த வழி இது. எத்தனையோ ஊழியங்கள் இந்த அரிசியில் நடந்திருக்கின்றன. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், குடும்பம் ஒரு பிடி சோற்றைத் தியாகம் செய்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆனால் குடும்பத்துக்கு வயிறு கிடையாது. அதில் இருக்கும் மனிதர்களுக்குத்தான் வயிறு உண்டு. பானையில் ஒரு பிடி குறைந்தால், முதலில் பரிமாறப்படுகிறவரின் தட்டில் அது தெரியாது. பிள்ளைகளின் தட்டிலும் தெரியாது. கடைசித் தட்டில்தான் தெரியும். காணிக்கை வீட்டின் பெயரில் போகிறது, பசி ஒருத்தியின் பெயரில் நிற்கிறது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. மாதவிடாய், பிரசவம் என்று உடல் சார்ந்த காரணங்கள் இதற்கு உண்டு. இழந்த இரத்தத்தை ஈடுகட்டும் சாப்பாடு யார் தட்டுக்குப் போகிறது என்பதும் ஒரு காரணம். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளைப் பார்த்து, மாம்சத்தின் இச்சைகளை ஒடுக்குங்கள் என்று ஒருவர் பிரசங்கிக்கும்போது, ஒடுக்குவதற்கு அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

உபவாசம் ஒரு வீட்டில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். வீட்டு ஆண் உபவாசம் இருந்தால், அன்றைக்கு அவருடைய ஒரு நாள் முழுக்க அதற்கேற்ப மாறுகிறது. சத்தம் போடாதீர்கள், அப்பா உபவாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும். மாலை ஆறு மணிக்கு அவர் முடிப்பதற்குக் கஞ்சியோ பழச்சாறோ தயாராக இருக்கும். பெண் உபவாசம் இருந்தால் அடுப்பு அணைவதில்லை. அவள் ருசி பார்க்காமல் குழம்பு வைக்கிறாள். உப்பு கூடிவிட்டால் அதையும் கேட்டுக்கொள்கிறாள். முதல் உபவாசத்துக்கு ஒரு துணை உண்டு. இரண்டாவதற்கு இல்லை. தேவனுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், அதை நான் அறியேன். அடுக்களையில் இரண்டும் ஒன்றல்ல.

பெரிய வெள்ளியன்று மும்மணித் தியானம் முடிந்து வெளியே வந்தால் கஞ்சியும் பயறும் சூடாகக் காத்திருக்கும். அதைச் சமைத்தவர்கள் ஏழு திருமொழிகளில் எத்தனையைக் கேட்டிருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. லூக்கா சுவிசேஷத்தில் வரும் மார்த்தாள், மரியாள் கதையை வைத்து நமக்குச் சொல்லப்படும் பாடம் தெரிந்ததுதான். மார்த்தாள் சாப்பாட்டு வேலையில் கவலைப்பட்டாள், மரியாள் பாதத்தருகே அமர்ந்து நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள், நீங்களும் மரியாளைப் போல இருங்கள். பிரசங்கம் முடிந்ததும் போதகருக்குச் சாப்பாடு எடுத்துவைக்க மரியாள்கள் எல்லோரும் எழுந்துபோவார்கள். அன்றைய சமையலை யார் முடித்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. மார்த்தாள் தனியாகக் கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்த பிறகு, உட்கார்ந்திருந்த ஆண்களில் யாராவது எழுந்து கை கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

துறவைப் பற்றி எனக்கு ஓர் அடிப்படையைத் தெளிவாக்கியவர் வரலாற்றாசிரியர் கரோலின் வாக்கர் பைனம். இடைக்கால ஐரோப்பாவின் பெண் துறவிகளுக்கும் உணவுக்கும் இருந்த உறவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1987ல் வந்தது. அந்தக் காலத்து ஆண் துறவிகள் பணத்தையும் சொத்தையும் பதவியையும் துறந்தார்கள், பெண்கள் ஏன் பெரும்பாலும் உணவைத் துறந்தார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. எது ஒருவர் கையில் இருக்கிறதோ அதைத்தான் அவர் துறக்க முடியும் என்பது அவர் காட்டும் விடை. பெண்களுக்குச் சொத்து இல்லை, பதவி இல்லை. சமைப்பதும் பரிமாறுவதும் மட்டும் அவர்கள் கையில் இருந்தன. ஆகவே அதை விட்டார்கள். சியன்னா நகரத்துப் புனித கேத்தரின் அப்படிப்பட்டவர். ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாத நிலைக்குப் போனார். 1380ல் இறந்தபோது அவருக்கு 33 வயது. போப்பாண்டவருக்கே துணிந்து கடிதம் எழுதிய பெண், தன் வார்த்தைக்குரிய அதிகாரத்தைத் தன் பட்டினியிலிருந்தும் பெற வேண்டியிருந்தது. அவரை வணங்குகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் துறவு பூண்ட நிகழ்ச்சி இன்னும் பிரபலமானது. துணி வியாபாரியான அப்பாவின் முன்னால், பிஷப்பும் ஊராரும் பார்த்திருக்க, உடுத்தியிருந்த துணிகளையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு நின்றார். கிறிஸ்தவ உலகம் அதை எட்டு நூற்றாண்டுகளாகப் புகழ்கிறது. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. எனக்கு அதைப் படிக்கும்போது எங்கள் ஊர்ப் பாட்டிமார் நினைவுக்கு வருவார்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களைப் போல் ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும், மேல்சாதியாருக்கு முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்பது சாதி வழக்கமாக இருந்தது. சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பெண்கள் தோளில் துணி போட்டுக்கொண்டு சந்தைக்கும் ஜெப வீட்டுக்கும் போனார்கள். அதற்காக அவர்களுடைய துணிகள் கிழிக்கப்பட்டன, ஜெப வீடுகள் கொளுத்தப்பட்டன. கலகம் பல பத்தாண்டுகள் விட்டு விட்டு நடந்து, 1859ல் திருவிதாங்கூர் அரசர் பிரகடனம் வெளியிட்டார். அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரான்சிஸின் உடம்பும் வெற்றுடம்பு, எங்கள் பாட்டிமாரின் உடம்பும் வெற்றுடம்பு. அவருக்கு அது ஆன்மிகமாகவும் இவர்களுக்கு அவமானமாகவும் இருந்ததற்கு ஒரே காரணம், அவர் உடுப்பு உள்ளவராக இருந்து அதைத் தானே கழற்றினார் என்பது. உடுப்பே மறுக்கப்பட்டவளிடம் போய், ஆத்துமாவைக் கவனி, உடம்பு மண்ணுக்குப் போகிறது என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்திருக்கும்! அந்தப் பெண்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவம் அப்படிச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துணிதான் அவர்களுடைய விசுவாச அறிக்கையாக இருந்தது.

தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் உண்டு. துறத்தல் என்ற வினை அறத்தின்படி தன்மையில் மட்டும் வரக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. துறக்கிறேன் என்று ஒருத்தி சொல்லலாம். நீ துற என்று இன்னொருவர் அவளுக்குச் சொன்னால் அது கட்டளை. அவள் துறந்தாள் என்று மூன்றாமவர் புகழும்போதும் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். பல வீடுகளில், பிடுங்கப்பட்டதற்குச் சூட்டப்படும் பெயர் அது.

இயேசுவின் நடப்பில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில், கல்லை அப்பமாக்கித் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும்படி வந்த சோதனையை அவர் மறுத்தார். தன் பசி சம்பந்தப்பட்ட இடத்தில் ஆவிக்குரியதை முன்னே வைத்தார். பிறகு வனாந்தரத்தில் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது, அவர்களை அனுப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் சீஷர்கள். நீங்களே சாப்பிடக் கொடுங்கள் என்றவர் அவர். பசியில் இருந்த ஜனத்துக்கு உபவாசத்தின் மேன்மையை அவர் பிரசங்கிக்கவில்லை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், யவீருவின் பன்னிரண்டு வயது மகளை மரணத்திலிருந்து எழுப்பியதும் அவர் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான். அவ்வளவு பெரிய அற்புதம் நடந்த அறையில் எல்லோரும் பிரமித்து நிற்கிறார்கள். சிறுமிக்குப் பசிக்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அதே அதிகாரத்தில்தான் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த பெண்ணும் வருகிறாள். கையிலிருந்த எல்லாவற்றையும் வைத்தியர்களிடம் செலவழித்தவள். கூட்டத்துக்குள் நுழைந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவள் நாடியது பாவ மன்னிப்போ பரலோகமோ இல்லை. இரத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்டத்தை இயேசு விசுவாசம் என்று அழைத்தார். மகளே என்று அவளை விளித்தார்.

இந்தப் பெண்ணின் கதையை என் பெரியம்மா நூறு தடவையாவது கேட்டிருப்பார். அவருக்கும் அதே உபாதை பல வருஷம் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகும் லெந்து முடியட்டும், கன்வென்ஷன் முடியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். சுற்றியிருந்த யாரும் அவசரப்படுத்தவில்லை. பவுலுக்கு ஆண்டவர் கொடுத்த முள்ளைப் போல இது உனக்கு என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னதைப் பெரியம்மா பெருமையாகவே எங்களிடம் சொல்வார். பவுல் அந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் மன்றாடினார் என்பதை அந்த ஜெபக்குழு அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. தனக்கு என்ன வந்திருக்கிறது, அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தது பவுல்தான். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

கடைசியில் ஹீமோகுளோபின் ஆறுக்குக் கீழே போய், ஒருநாள் ஆலய வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு நாற்பது நாள் மகள் வீட்டில் இருந்தார். அவர் சமைக்கவில்லை, துவைக்கவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. நான் பார்க்கப் போயிருந்தபோது சொன்னார்: "இந்த நாப்பது நாளும்தான் மக்களே நான் ஒழுங்கா ஜெபிச்சேன்." ஐம்பது வருஷக் கிறிஸ்தவ வாழ்க்கையில், உடம்புக்கு ஓய்வு கிடைத்தபோதுதான் ஆத்துமாவுக்கு நேரம் கிடைத்தது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்ற தராசுக் கணக்கு அவர் விஷயத்தில் தலைகீழாக இருந்தது.

இப்படியெல்லாம் பேசும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். பெண்ணிய நண்பர்கள் கேட்பார்கள்: இந்தத் தியாகப் பேச்சையே ஏன் தூக்கிப் போட்டுவிடக் கூடாது? சபையார் கேட்பார்கள்: சிலுவையைச் சுமக்கச் சொன்ன மதத்தில் சொகுசைச் சுவிசேஷமாக்கப் பார்க்கிறாயா?

இரண்டுக்கும் பதிலாக எனக்குத் தோன்றுவது ஐடா ஸ்கடர். 1870ல் ராணிப்பேட்டையில், மிஷனரி மருத்துவர்களின் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் வாழ்வதுதான் அவருடைய விருப்பமாக இருந்தது. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்த நாட்களில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டார்கள். அவருடைய அப்பா மருத்துவர். ஆனால் அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த வீடுகளில் ஓர் உயிரைவிட ஆசாரம் பெரிதாக இருந்தது. உடலைவிட உயர்ந்த ஒன்றை முன்னே வைத்தார்கள், விலையைக் கொடுத்தது அந்தப் பெண்கள். ஐடா 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

அவரும் சுகத்தைத் துறந்தவர்தான். ஆனால் துறந்தது தன் சுகத்தை. துறந்ததன் பலன் மற்றப் பெண்களின் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே தியாகப் பேச்சை மொத்தமாகத் தூக்கிப்போட எனக்கு மனமில்லை. தன் வசதிக்கு அப்பால் எதையும் பார்க்காதவர்களால் வேலூர் மாதிரி ஒன்று உண்டாகியிருக்காது. அதேபோல் சபையாருக்கும் சொல்வேன்: நான் கேட்பது சொகுசு இல்லை. வயிற்றுக்குச் சோறு, வலிக்கு மருந்து, வேலைக்கு நடுவே ஓய்வு. இவற்றைச் சொகுசு என்று அழைக்கிறவர்கள் பெரும்பாலும் இவற்றை இன்னொருத்தியின் கையிலிருந்து தினமும் பெறுகிறவர்கள். ஏசாயா தீர்க்கதரிசி ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் சாடுவதும் இதைத்தான். நீங்கள் உபவாசம் இருக்கிற நாளிலேயே உங்கள் வேலையாட்களை வருத்துகிறீர்கள் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதே தேவன் கேட்கும் உபவாசம் என்று தீர்க்கதரிசி முடிக்கிறார். வேலையாட்கள் என்ற இடத்தில் நம் வீட்டுப் பெண்களை வைத்து அந்த அதிகாரத்தை வாசித்துப் பார்க்கலாம்.

கையில் இருப்பதைத்தான் துறக்க முடியும் என்றால், அவரவர் கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து லெந்து காலத்தைத் தொடங்க வேண்டும். ஆண்களின் கையில் முதல் தட்டு இருக்கிறது. பரிமாறப்படும் உரிமை இருக்கிறது. சத்தமில்லாத மாலை நேரம் இருக்கிறது. ஒரு வேளைச் சோற்றைவிட இவற்றை விடுவது அவர்களுக்குக் கடினமான உபவாசமாக இருக்கும். பெண்களின் கையில் இருப்பது எது? எனக்குத் தெரிந்தவரை ஒன்று உண்டு: தன்னைத் தேய்த்துக் குடும்பத்தைக் காப்பவள் என்ற நல்ல பெயர். என் பெரியம்மா மருத்துவமனைக்குப் போகாமல் இருந்ததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். வேறு எந்த மரியாதையும் கிடைக்காத இடத்தில் அது பெரிய சொத்து. அதை விடுவதும் துறவுதான், அதுவும் வலிக்கும். சிலருக்கு அந்தத் துறவு, சூடாக இருக்கும்போதே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற உருவத்தில் வரலாம்.

கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே சிலர் முந்திச் சாப்பிட்டு நிறைந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் அதை ஆவிக்குரிய குற்றமாகவே பார்த்தார். சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். நம் சபைகளில் திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கை செய்கிறோம். வீட்டுப் பந்தியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வருவதில்லை.

பிடி அரிசி தொடரட்டும். அதைக் கொண்டுவந்து கொட்டும் கைகளுக்குக் கொடுப்பதில் இருக்கும் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அளந்து எடுக்கும் நாளில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும். குறைந்த ஒரு பிடி எல்லாத் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். அப்போது அதை அந்தக் குடும்பத்தின் காணிக்கை என்று சொல்லலாம்.